கடைவாயில் ஒன்று, முன்னால் ஒன்று, இடுக்கில் ஒன்று: பல் நிற அடைப்போடு எட்டு வருஷம்

என் வாயில் பல் நிற அடைப்பு மூன்று இருக்கிறது. மூத்ததற்கு எட்டு வயது, அடுத்ததற்கு ஆறு, கடைக்குட்டிக்கு இரண்டு. மூத்தது இருக்கிற இடமே தெரியவில்லை. நடுவில் உள்ளது ஒருமுறை உடைந்தது. அந்தத் தப்பு முழுக்க என்னுடையது. கடைக்குட்டி படுத்திய பாடு கொஞ்ச நஞ்சமல்ல. ஒரே வகைச் சரக்கு, ஒரே வாய், மூன்று விதமான அனுபவம். அதனால்தான் "நல்லதா, கெட்டதா" என்று யாராவது ஒற்றை வரியில் கேட்டால் எனக்குப் பதில் வருவதில்லை.

நான் தையல்காரி. முப்பது வருஷமாக மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்றால், நூல்தான். கத்தரி கை எட்டும் தூரத்தில் இருந்தாலும் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற பழக்கம் எனக்கு இருந்தது. எப்போதும் ஒரே இடத்தில், மேல்வரிசை இடது முன்பல்லின் நுனியில். வருஷக்கணக்கில் கடித்துக் கடித்து அங்கே ஒரு சின்னப் பள்ளமே விழுந்துவிட்டது. பழைய தையல்காரர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், நிறையப் பேரிடம் இந்த அடையாளம் இருக்கும். அந்தப் பல்லின் கதை பிறகு வருகிறது. முதலில் கடைவாய்ப்பல்.

கீழ்வரிசை வலதுபுறம், முதல் கடைவாய்ப்பல். மேல்பரப்புக் கோட்டில் கறுப்பாக ஒரு புள்ளி. வலி கிடையாது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் 'சுரீர்' என்று ஒரு நொடி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், சொத்தை பல்லின் மேல் அடுக்கான எனாமலைத் தாண்டி அதற்கு அடியில் இருக்கிற டென்டின் என்கிற அடுக்குக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, நரம்புக்கு இன்னும் தூரம் இருக்கிறது என்றார். வெள்ளி அடைப்பா, பல் நிற அடைப்பா என்று என்னிடமே கேட்டார். என் அம்மாவின் கடைவாயில் ஒரு வெள்ளி அடைப்பு இருபது வருஷத்துக்கு மேல் கல்லுக்குண்டு மாதிரி இருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். "வெள்ளியே போடுங்க டாக்டர்" என்றுதான் சொன்னேன்.

அவர் சொன்ன விளக்கம்தான் மனசை மாற்றியது. வெள்ளி அடைப்பு என்று நாம் சொல்வதில் ஏறக்குறைய பாதி பாதரசம்; மீதி வெள்ளி, வெள்ளீயம், தாமிரம். ஆனால் அவர் பாதரசத்தைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. வெள்ளி பல்லோடு ஒட்டாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். குழிக்குள் அது கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். அதற்காக அடிப்பக்கம் அகலமாகக் குடைய வேண்டும், உடையாமல் இருக்க ஆழமும் வேண்டும். ஆகவே சொத்தை இல்லாத நல்ல பல்லும் கொஞ்சம் போகும். பல் நிறச் சரக்கு ஒட்டிக்கொள்கிற ஜாதி. கெட்டதை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தை நிரப்பினால் போதும். கிழிசல் சின்னதாக இருக்கும்போது பெரிய துண்டு வைத்து ஒட்டுப்போட எந்தத் தையல்காரியும் ஒப்புக்கொள்ள மாட்டாள். நானும் மறுபேச்சு பேசவில்லை.

பலரும் இதை "சிமெண்ட் வைத்து அடைப்பது" என்கிறார்கள். உண்மையில் சிமெண்ட் இல்லை. கம்போசிட் என்று பெயர். பிசின் மாதிரியான ஒரு பிளாஸ்டிக், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தூள், சிலிக்காத் தூள். எடையில் முக்கால் பங்கு அளவுக்குத் தூள்தான் இருக்கும். அதுதான் தேயாமல் தாங்குகிறது. பிசின் அதைச் சேர்த்துப் பிடிக்கிறது. இன்றைக்கும் பல கம்போசிட்டுகளில் இருக்கிற முக்கியப் பிசினை உருவாக்கியவர் ரஃபேல் போவன் என்கிற அமெரிக்கர்; 1962இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. பல்லில் எதுவும் ஒட்டுவதில்லையே என்று எல்லோரும் திண்டாடியபோது, 1955இல் மைக்கேல் புவனகோர் என்பவர், தொழிற்சாலைகளில் உலோகத்துக்குப் பெயின்ட் அடிக்கும் முன்பு பாஸ்பாரிக் அமிலம் தடவுகிறார்களே, அதையே பல்லிலும் செய்தால் என்ன என்று யோசித்தார். செய்து பார்த்தார், ஒட்டியது. அமிலம் எனாமலில் நுண்ணிய குழிகளை உண்டாக்கும். பிசின் அதற்குள் இறங்கி இறுகிக்கொள்ளும். என் மூன்று அடைப்பும் நிற்பது அந்த ஒரு யோசனையில்தான்.

சரி, நாற்காலிக்கு வருவோம். மரத்துப்போகும் ஊசி போட்டு, கன்னமும் உதடும் மரக்கட்டை ஆன பிறகு, டாக்டர் ஒரு ரப்பர் தாளை எடுத்து அதில் ஓட்டை போட்டு, என் பல் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்படி மாட்டி, ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டினார். எம்பிராய்டரி போடத் துணியை வளையத்தில் இழுத்துக் கட்டுவோமே, அப்படியே. முதல் இரண்டு நிமிஷம் மூச்சுத் திணறுகிற மாதிரி ஒரு பதற்றம். மூக்கால் மூச்சு விட வேண்டும் என்று புரிந்ததும் சரியாகிவிட்டது. பிறகு அதுதான் வசதி என்று தெரிந்தது: தண்ணீர் தொண்டைக்குப் போகவில்லை, நாக்கு குறுக்கே வரவில்லை, அமிலத்தின் புளிப்பு தெரியவில்லை. இந்த ரப்பர் தாள் ஒன்றும் புதுசு இல்லை. 1864இல் சான்ஃபோர்ட் பார்னம் என்கிற நியூயார்க் பல் மருத்துவர் கண்டுபிடித்தது. இது இவ்வளவு முக்கியமா என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆறு வருஷம் கழித்து நன்றாகத் தெரிந்தது.

சொத்தையை எடுத்த பிறகு நீல நிறத்தில் ஒரு ஜெல், அதுதான் அமிலம். பதினைந்து இருபது வினாடி வைத்துக் கழுவினார். பிறகு குட்டி பிரஷ்ஷால் ஒட்டுத் திரவம், காற்று, நீல விளக்கு. அதன் மேல் கம்போசிட், ஒரே உருண்டையாக இல்லை, அடுக்கு அடுக்காக. ஒவ்வொரு அடுக்கும் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், ஒவ்வொன்றுக்கும் இருபது வினாடி விளக்கு. பிசினுக்குள் கற்பூரத்திலிருந்து கிடைக்கிற ஒரு மஞ்சள் பொருள் இருக்கிறதாம். நீல ஒளி பட்டதும் அதுதான் இறுகலைத் தொடங்கி வைக்கிறது. ஒளி ஆழமாகப் போகாது என்பதால் மெல்லிய அடுக்கு. இன்னொரு காரணமும் உண்டு: இறுகும்போது இந்தச் சரக்கு இரண்டு மூன்று சதவீதம் சுருங்கும். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்தி, சுருங்குவதெல்லாம் முதலிலேயே சுருங்கட்டும் என்று விடுகிறோம் இல்லையா? பல்லில் அதற்கு வழியில்லை. சுருங்குவது பல்லுக்குள் இருக்கும்போதுதான் நடக்கும். மொத்தமாக அடைத்தால் மொத்தமாகச் சுருங்கி ஓரத்தை இழுத்துப் பிரித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, சுவரோடு சாய்த்துச் சாய்த்து வைத்தால் இழுவை குறையும். 4 மில்லிமீட்டர் வரை ஒரே அடுக்காக வைக்கக்கூடிய வகைகளும் இப்போது இருக்கின்றன. கேள்வி, அடுக்கின் கணக்குக்குத் தகுந்த நேரத்தை வைக்கிறவர் கொடுக்கிறாரா என்பதுதான்.

முடிந்ததும் ஒரு நீலத்தாளைக் கடிக்கச் சொன்னார். எங்கே அதிகமாக நீலம் படுகிறதோ அங்கே மேடு என்று அர்த்தம், தேய்த்து இறக்குவார். "எப்படி இருக்கு?" என்றார். பாதி வாய் மரத்துக் கிடக்கும்போது எப்படி இருக்கும் என்று சொல்வது? "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் வலதுபக்கம் கடித்தால் அந்த ஒரு பல் மட்டும் முதலில் முட்டியது. வலிக்கவும் செய்தது. திரும்பப் போனேன், இரண்டு நிமிஷ வேலை, சரியாகிவிட்டது. இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. உயரமாக இருக்கிறது என்று தெரிந்தும் "போகப் போகப் பழகிவிடும்" என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. பழகாது. பல் அடிவாங்கிக்கொண்டே இருக்கும். கூச்சம் என்பது வேறு: குளிர்ந்தது பட்டால் வரும் கூச்சம் எனக்குப் பத்து நாள் இருந்து, தானாகக் குறைந்து போனது. குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, ராத்திரி தானாக வலித்தாலோதான் கவலைப்பட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்தச் சரக்கின் ஒரு நல்ல குணம், விளக்கு அணைந்த நிமிஷமே இறுகிவிடுகிறது. வெள்ளி முழுப் பலத்துக்கு வர ஒரு நாள் ஆகும். இதில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஊசியின் மரப்பு போக வேண்டும், அவ்வளவுதான். மரப்போடு சாப்பிட்டால் உதட்டையோ கன்னத்தையோ கடித்துக்கொள்வோம். நான் கடித்துக்கொண்டேன்.

இப்போது முன்பல். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு கோட்டுச் சட்டையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன். யாரோ கூப்பிட்டார்கள், பல்லை இறுக்கினேன், 'நொறுக்'. நூல் அரித்து வைத்திருந்த பள்ளத்தின் ஓரம் சில்லாகப் பெயர்ந்துவிட்டது. வலியே இல்லை. ஆனால் நாக்கு சும்மா இருக்குமா? மூன்று நாளில் நாக்கு நுனி புண்ணாகிவிட்டது.

அதே டாக்டர்தான். "காலையில் வாங்க, வெளிச்சம் இருக்கும்போது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. துணிக்கு நூல் பொருத்துகிற எவருக்கும் தெரியும், டியூப்லைட்டில் பொருந்துகிற நூல் வாசலுக்குக் கொண்டுபோனால் பொருந்தாது. அன்றைக்குப் பளீர் சிவப்பில் உடுத்தியிருந்தேன். அவர் கழுத்து வரைக்கும் ஒரு சாம்பல் துணியைப் போர்த்தினார். சிவப்பின் பக்கத்தில் வெள்ளையைப் பார்த்தால் கண் அதில் பச்சை காணும். அதுவும் எனக்குத் தெரிந்த சங்கதிதான்.

அப்புறம் ஒரு பட்டை நிறையப் பொய்ப்பற்களை எடுத்தார். பதினாறு நிறங்கள், ஏ, பி, சி, டி என்று நான்கு குடும்பம். ஏ செம்பழுப்புச் சாயல், பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். பல் ஈரமாக இருக்கும்போதே நிறம் பார்த்துவிட வேண்டும். உலர்ந்தால் பல் வெளுத்துவிடும், பார்த்த நிறம் பொய்யாகிவிடும் என்றார். என் பல் ஈறு பக்கம் ஏ3, நுனியில் அதைவிடக் கொஞ்சம் வெளிர்ந்த ஏ2. நுனி விளிம்பில் கொஞ்சம் கண்ணாடித்தனமும் இருக்கிறதாம். நாற்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருக்கிற பல், எனக்கு இது தெரியாது. ஒரே நிறத்தில் அடைத்தால் பொத்தான் ஒட்டிய மாதிரி தனியாகத் தெரியும். ஆகவே உள்ளே மங்கலான ஒன்று, மேலே தெளிவான ஒன்று. ஒட்டுத் திரவம் போடாமலேயே ஒரு துளியைப் பல்லில் வைத்து, விளக்குக் காட்டி, சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சுரண்டி எடுத்தார். துணியின் ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிப் பார்ப்பது மாதிரி.

ஊசி போடவில்லை. பெயர்ந்தது எனாமல் அளவில்தான், அதற்கு உணர்ச்சி கிடையாது. உடைந்த விளிம்பை லேசாகச் சரிவாகத் தேய்த்தார். சரிவு இருந்தால் ஒட்டும் பரப்பும் கூடும், எங்கே பல் முடிகிறது எங்கே ஒட்டு தொடங்குகிறது என்று கண்ணுக்கும் தெரியாது. பிறகு வடிவம், விளக்கு, சொரசொரப்பான வட்டத்தாளில் தொடங்கி வழவழப்பானது வரை நான்கு தேய்ப்பு. அம்பது நிமிஷம். கண்ணாடியில் பார்த்தால், ஒட்டு பழுப்பாகவும் என் சொந்தப் பல் சுண்ணாம்பு வெள்ளையாகவும் தெரிந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து, "பல் உலர்ந்திருக்கு. நாளைக்குப் பாருங்க" என்றார். மறுநாள் என் மகள் என் வாய்க்குள் டார்ச் அடித்துத் தேடினாள், "எதும்மா?" என்று கேட்டாள். எந்தப் பல் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஏழாவது மாதம் உடைந்தது. அவசரமாக ஒரு ஆர்டர், நூலைக் கடித்தேன், ஒட்டின் மூலை போய்விட்டது. சரக்கின் மேல் பழி போட எனக்கு வாய் வரவில்லை. எனாமலே தாங்காத வேலையைக் கம்போசிட் தாங்குமா? மொத்தத்தையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும் என்று நினைத்துப் போனேன். இல்லை, மிச்சம் இருந்ததன் மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கி, ஒட்டுத் திரவம் தடவி, போன மூலையை மட்டும் கட்டினார். இப்படிப் பழசின் மேலேயே ஒட்டுப்போட முடிவது இந்தச் சரக்குக்கு உள்ள பெரிய சௌகரியம். அன்றிலிருந்து சின்னக் கத்தரி ஒன்று என் கழுத்தில் நாடாவில் தொங்குகிறது.

குறையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வருஷம் அந்த ஒட்டின் பளபளப்பு மங்கியது, டீ குடிக்கிற வாய் என்பதால் ஓரத்தில் மெல்லிய கறை. தேய்த்து மெருகேற்றியதும் திரும்பியது, ஆனால் அப்படித் தேய்க்க வேண்டிவரும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் பல்லை வெளுக்க வைக்கலாமா என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. வெளுக்கிற மருந்து சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும், கம்போசிட் பழைய நிறத்திலேயே நிற்கும். வெளுப்பதாக இருந்தால் முதலில் வெளுத்து, இரண்டு வாரம் ஆற விட்டு, அதற்குப் பிறகு அந்த நிறத்துக்கு அடைக்க வேண்டும். ஏனென்றால் வெளுத்த கையோடு வைத்தால் ஒட்டின் பிடிப்பு பலவீனமாகும். ஆசையை விட்டுவிட்டேன்.

மூன்றாவதற்கு வந்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. மேல்வரிசை இடதுபக்கம், முன்கடைவாய்ப்பல்லும் கடைவாய்ப்பல்லும் உரசும் இடுக்கில் சொத்தை. கண்ணாடியில் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. என் பழைய டாக்டர் அப்போது வேலையை விட்டிருந்தார். வேறொரு கிளினிக்குக்குப் போனேன்; பெயர் வேண்டாம். இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். ரப்பர் தாள் இல்லை, கன்னத்தில் ஒரு பஞ்சுச்சுருள். ஈறில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது, நானே உப்புச் சுவையை உணர்ந்தேன். இடையில் பஞ்சு நனைந்து நாக்கு வேறு ஒருமுறை பல்லைத் தொட்டது. அடுக்குகளை எண்ணினேன்: ஒன்று. அவ்வளவுதான். வேகம் பார்த்து, அடடா கைதேர்ந்தவர் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேகமாகத் தைக்கிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியாததா! ஆனாலும் புத்தி வரவில்லை.

அன்றிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் அந்த இடுக்கில் மாட்டியது. பல்லிடுக்கு நூலை விட்டால் சும்மா வழுக்கிக்கொண்டு இறங்கியது, பிடிப்பே இல்லை. மேலே இழுக்கும்போது மட்டும் ஏதோ ஒரு முனையில் சிக்கி நார் நாராகப் பிரிந்து வந்தது. கடித்துவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் ஒரு குத்தல். திரும்பப் போய்ச் சொன்னேன். "மருந்து வைத்த பல்தானே, செட் ஆக நாள் எடுக்கும்" என்றார்கள். நான்கு மாதம் பொறுத்தேன். ஈறு வீங்கியது.

வேறு ஒரு டாக்டரிடம் போனேன். கொக்கி மாதிரியான கருவியால் ஓரத்தைத் தொட்டதும் உள்ளே நுழைந்தது. எடுத்துப் பார்த்தபோது அடியில் பழுப்பாக, ஈரமாக இருந்தது என்றார். ஒட்டவே இல்லை, எச்சில் பட்ட பரப்பில் எது ஒட்டும்? அன்றைக்கே வைக்கவில்லை. ஈறு ஆறட்டும் என்று ஃப்ளோரைடு கசியும் கிளாஸ் அயனோமர் என்கிற வேறு வகைப் பூச்சால் மூடினார். கிராம்பு வாசனை வரும் தற்காலிகப் பூச்சை ஏன் போடவில்லை என்று கேட்டேன், அம்மாவுக்கு அதைத்தான் போட்டதாக ஞாபகம். அதில் இருக்கும் யூஜினால், பிறகு வைக்கப்போகும் கம்போசிட்டைச் சரியாக இறுக விடாது என்றார்.

இரண்டு வாரம் கழித்து வைத்தது ஒன்றேகால் மணி நேரம். ரப்பர் தாள். பல்லின் வயிற்று வளைவுக்குத் தகுந்த மாதிரி வளைந்த ஒரு மெல்லிய தகடு, அதை ஈறு பக்கம் இறுக்க ஒரு குட்டி ஆப்பு, இரண்டு பல்லையும் நூலிழை அளவு தள்ளிப் பிடிக்க ஒரு வளையம். வளையத்தை எடுத்ததும் பற்கள் பழைய இடத்துக்கு வந்து ஒன்றோடொன்று இறுக்கமாக உட்காருமாம். இடுக்கில் வைக்கிற அடைப்புக்கு இதுதான் உயிர்நாடி. முடிந்ததும் பல்லிடுக்கு நூலை அவரே விட்டுக் காட்டினார். 'டக்' என்று இறங்கியது, 'டக்' என்று ஏறியது, நார் பிரியவில்லை. அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வருஷம் ஆகிறது, ஒரு தொந்தரவும் இல்லை.

இதற்குப் பிறகுதான் வெள்ளியின் பக்கத்து நியாயத்தையும் படித்துப் பார்த்தேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 2021இல் புதுப்பித்த தொகுப்பாய்வில், பின்பற்களில் கம்போசிட் தோற்கும் வாய்ப்பு வெள்ளியைவிட ஏறக்குறைய இருமடங்கு என்று இருக்கிறது. அடைப்பின் ஓரத்தில் மறுபடி சொத்தை விழுவதும் அதிகம். வெள்ளி கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், அவசரக் கையையும் மன்னிக்கும். கம்போசிட் மன்னிக்காது. ஆனால் காலம் வேறு திசையில் போகிறது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்காக நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா உடன்படிக்கை 2013இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், மருத்துவர் அவசியம் என்று கருதினால் ஒழிய, வெள்ளி அடைப்பை நிறுத்திவிட்டது. அதற்காக வாயில் நன்றாக இருக்கிற பழைய வெள்ளியைத் தோண்டி எடுக்க வேண்டாம். சில பிரிவினருக்கு வெள்ளி வேண்டாம் என்று 2020இல் சொன்ன அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும், நல்ல நிலையில் இருப்பதை எடுக்கச் சொல்லவில்லை. அம்மாவின் வெள்ளி கடைசிவரை அப்படியே இருந்தது.

ஆக என் மதிப்பெண்: முன்பல்லின் சின்ன உடைசலுக்கு ஐந்துக்கு ஐந்து, யோசிக்கவே வேண்டாம். கடைவாய்ப்பல்லின் மேல்பரப்பில் சின்னக் குழி என்றால் நாலரை. இடுக்குச் சொத்தைக்கு மதிப்பெண் சரக்குக்கு இல்லை, வைக்கிற கைக்குத்தான். கை சரியாக இருந்தால் நாலு, இல்லாவிட்டால் ஒன்று. பல்லின் முகடே போய்விட்ட பெரிய குழிக்கும், ராத்திரியில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கும் இதை நம்பி உட்காரச் சொல்ல மாட்டேன். உறை போடுவதா, வேறு வழியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈறுக்கு அடியில், உலர்த்தவே முடியாத இடம் என்றால் நான் மேலே சொன்ன கிளாஸ் அயனோமர் பொருத்தமாக இருக்கலாம். அதுவும் பல் நிறம்தான், பளபளப்பும் பலமும் குறைவு.

இப்போதெல்லாம் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிடுகிறேன், ரப்பர் தாள் போடுவீர்களா, எவ்வளவு நேரம் ஆகும் என்று. "பத்து நிமிஷம்தான்" என்று பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுவேன்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது, எட்டு வயது மூத்ததன் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு பழுப்புக் கோடு தெரிகிறது என்றார் டாக்டர். கொக்கி நுழையவில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. தேய்த்தால் போய்விட்டால் வெறும் கறை. போகாவிட்டால் அந்த ஓரத்தை மட்டும் திறந்து பார்த்து அடைப்பாராம். தையல் விட்ட இடத்தை மட்டும் பிரித்துத் தைப்பதுபோல, முழுச் சட்டையையும் பிரிக்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். காலை நேரமாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். கடைவாய்க்கு வெளிச்சம் தேவையில்லைதான், இருந்தாலும்.